படிவத்தில் இல்லாதவை

வீட்டில் என்னென்ன இருந்தன என்று
எழுதித் தரச் சொன்னது காப்பீட்டு நிறுவனம்.
மூன்று பிரதிகள். கறுப்பு மை.

நாற்காலி நான்கு என்று எழுதினாள் ஆர்டித்.
அடித்துவிட்டு ஐந்து என்றாள்.
ஒன்றுக்குக் கால் ஆடும்,
அதில் பூனையைத் தவிர யாரும் உட்காருவதில்லை.
பூனைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஆகஸ்டில் வந்தது தீ.
டாகெட் ஏரிக்கு மேலே, மலைமுகட்டில்,
பகலில் புகை, இரவில் ஆரஞ்சு நூல்.
கிளம்பச் சொல்லி வண்டியில் ஒலிபெருக்கி கத்தியபோது
கதவைப் பூட்டி,
பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான்
காரில் ஏறினாள்.

சாவி இன்னும் இருக்கிறது.

பனி வந்து ஏழு மாதம் மூடி வைத்தது எல்லாவற்றையும்.
மே கடைசியில் அது இறங்கியதும்
பழைய வேன்களில் வந்தார்கள் அந்நியர்கள்,
அடியில் துளையிட்ட வாளிகளோடு,
எரிந்த காடுகளை மட்டும் சிவப்பில் வட்டமிட்ட வரைபடங்களோடு.
போன வருடத்துத் தீயை
இந்த வருடம் தேடி வருகிறவர்கள்.

"இது உங்கள் நிலமா?"
கேட்டவள் பெயர் சாந்தூ.
பட்டம்பாங்கில் பிறந்தவள்,
சர்ரேயில் மீன் ஆலையில் வேலை,
வசந்தத்தில் மட்டும் சாம்பலில்.
ஆமாம் என்று சொல்ல வாயெடுத்த ஆர்டித்
சுற்றிலும் பார்த்தாள்.
புகைபோக்கி நின்றிருந்தது.
"எடுத்துக்கொள்" என்றாள்.

வெள்ளைச் சாம்பலில் ஒன்றும் இருக்காது,
தீ அங்கே ரொம்ப நேரம் தங்கியிருக்கிறது.
செத்த பிறகும் ஊசியிலையை உதிர்க்க மறந்து
பின்னொரு நாள் நினைவு வந்து உதிர்த்திருக்கும் சில மரங்கள்,
அவற்றின் கீழே அந்தச் செம்பழுப்புப் பாயில் பார்
என்றாள் சாந்தூ, குனிந்தபடியே.

கரிக்கட்டை. கரிக்கட்டை. ஸ்புரூஸ் காய். கரிக்கட்டை.
அப்புறம் ஒரு காய் மட்டும்
காயாக இருக்க மறுத்தது.
பள்ளம் பள்ளமாய், தேன் இல்லாத தேனடை,
சாம்பலைத் தலையால் முட்டித் திறந்து.
மோரல்.
ஒன்றைக் கண்டுபிடித்த கண்ணுக்கு
அடுத்த மூச்சில் பதினொன்று.
பூட்ஸுக்கு அடியில் இரண்டு, நசுங்கி.

மழைக்கு முளைத்த காளான் என்போம் நாம்,
வேரில்லாதவர்களை, நேற்று வந்தவர்களை.
முளைத்ததுதான் நேற்று.
தலைமுடியினும் மெல்லிய வெண்ணிழையாய்
வேர்களின் ஓரத்தில் அது எத்தனை காலம் கிடந்தது என்று
யாருக்கும் சரியாகத் தெரியாது.
இவள் குடிவந்த நாளில் கீழே இருந்திருக்கலாம்.
பூனை அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்ட நாளில்.
தீ வேண்டுமென்று அது வேண்டிக்கொண்டதா?
வேண்டிக்கொள்ளத் தனியாக வாய் கிடையாது அதற்கு.
உடம்பு முழுக்க வாய்,
தின்றுகொண்டிருந்தது.

ஆர்டித்துக்குக் கோபம்தான் வந்தது.
சமையலறைச் சுவர் இருந்த கோட்டுக்கு அரையடி தள்ளி
கொழுத்து நின்ற ஒன்றை உதைத்தாள்.
உடைந்தது. உள்ளே வெறுமை, காம்பு வரைக்கும்.
மெலிதாக எழுந்தது புகை.
இரண்டடி பின்னால் போய்விட்டாள்,
கை தானாகச் சட்டைப்பையில் சாவியைத் தேடியது.

புகையில்லை. வித்து.
காற்று அதை வாங்கி
ஏரிப்பக்கமாகக் கொண்டுபோனது.

மாலையில் கூடாரத்து அடுப்பில் வெண்ணெய் உருகியது.
பச்சையாகத் தின்னாதே, வயிற்றைக் கலக்கும்
என்று தட்டை நீட்டினாள் சாந்தூ.
இறைச்சி வாசம், மண் வாசம்,
பல்லில் ஒரு மணல்.
ஆர்டித் ரொட்டியால் தட்டைத் துடைத்தாள்,
இரண்டாவது முறையும்.

"அடுத்த வருடம் வருவாயா?"
"இங்கே இவ்வளவு இருக்காது அப்போது."
"பின்னே எங்கே?"
சாந்தூ கத்தியைக் கால்சட்டையில் துடைத்து மடக்கினாள்.
"தெரியாது. அந்த இடம் இன்னும் எரியவில்லை."

ஏரிக்கு அந்தப் பக்கம், பச்சையாக இருந்த சரிவில்,
யார் வீட்டிலோ விளக்குப் போட்டார்கள்.